தகடூர் நெல்லியும் சேப்பாக்கத்து ஆய்வகமும்

சேலத்திலிருந்து வடதிசை நோக்கிச் செல்வோர் தொப்பூரைத் தாண்டியதும் கணவாய் ஏறுவர். ஏறி முடிந்ததும் தருமபுரி மேட்டுநிலம் விரியும். பண்டைத் தகடூர் நாட்டின் தென்வாயில் என்று இக்கணவாயைக் கூறுதல் பொருந்தும். 1790-இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, திப்பு சுல்தானின் படை இவ்வழியேதான் தெற்கே இறங்கியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாட வந்த புலவரும் பாணரும் தென்புலத்திலிருந்து இக்கணவாய் ஏறியே வந்திருத்தல் கூடும். தொப்பூரிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் வழியில் உள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர், அவ்வள்ளலின் குடிப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி வரலாற்று மாந்தனே என்பதை உறுதி செய்தது.

அஞ்சியைத் தமிழுலகம் நினைவிற் கொண்டிருப்பது அவன் போர்களுக்காக அன்று, ஒரு நெல்லிக்கனிக்காகவே. அடைதற்கரிய மலைப்பிளவில் விளைந்த கனியின் பயனைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு, தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்று புறநானூற்றின் 91-ஆம் பாடல் கூறுகிறது. சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைச் சுட்டுகிறது. இலக்கிய மேடைகளில் இச்செய்தி இரு வகையாகப் பேசப்படுவதுண்டு. ஈகையின் உச்சம் எனப் போற்றுவது ஒன்று. நெல்லியில் உயிர்ச்சத்து ‘சி’ மிகுதி என்பதைச் சங்கத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் எனப் பெருமிதம் கொள்வது மற்றொன்று. முன்னதில் ஐயமில்லை. பின்னது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சான்றுகளைத் தேடிச் செல்வோரைக் கணவாய் இறக்கிச் சென்னைக் கடற்கரைக்கு, சேப்பாக்கத்திலிருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திற்கு, அவ்வழி கொண்டுசேர்க்கும். தமிழ்நாட்டில் ஒரு துறை எவ்வாறு கற்கப்பட்டது, எவ்வாறு ஆராயப்பட்டது என்னும் வரலாறும் அவ்வழியிலேயே கிடைக்கிறது.

பல்கலைக்கழகமும் புதிய துறையும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே விளங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் இந்நிலையை மாற்றியது. கற்பித்தலும் ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கடமைகள் ஆயின. துறைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவ்வரிசையில் உயிர்வேதியியலும் இடம்பெற்றது. 1930-களில் ‘பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகம், சேப்பாக்கம், சென்னை’ என்னும் முகவரியுடன் ஆய்வுக் கட்டுரைகள் இங்கிலாந்தின் முதன்மையான உயிர்வேதியியல் இதழில் வெளிவரத் தொடங்கின.

தருமபுரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்து 1965-இல் தனி மாவட்டமான தருமபுரியின் கல்லூரிகள், 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆளுகையிலேயே இருந்தன. எனவே தொப்பூர்ப் பகுதியில் பிறந்து அறிவியல் பயின்ற தலைமுறைகளுக்குச் சேப்பாக்கமே பல்கலைக்கழகம்.

உயிர்வேதியியல் அப்போது இளந்துறை. உயிருள்ளவை தனியொரு ‘உயிராற்றலால்’ இயங்குகின்றன என்னும் பழைய கொள்கை தளர்ந்து, உயிரின் செயல்கள் யாவும் வேதி மாற்றங்களே என்னும் கருத்து வலுப்பெற்றிருந்த காலம் அது. உயிர்ச்சத்துகள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. நொதிகள் புரதங்களே என்பது நிலைநாட்டப்பட்டது. மருத்துவம், வேளாண்மை, வேதியியல் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் இத்துறை நின்றது. பசியும் பஞ்சமும் கண்ட நாட்டில் இத்துறைக்குத் தனியொரு பொறுப்பும் இருந்தது: மக்கள் உண்பதில் என்ன உள்ளது, என்ன இல்லை என்று சொல்ல வேண்டியது அதன் கடமையாயிற்று.

சேப்பாக்கம் ஆய்வகத்தின் தொடக்க கால ஆய்வுகளை நடத்தியவர் எம். தாமோதரன். இலண்டனில் சிப்னல் என்னும் புரத வேதியியலாருடன் பணியாற்றியவர். எடெஸ்டின் என்னும் விதைப் புரதத்தை நொதிகளால் மெல்லச் சிதைத்து, அதிலிருந்து அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை 1932-இல் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் கோதுமைப் புரதத்திலிருந்து குளுட்டமின் பிரிக்கப்பட்டபோதும் அப்பணியில் அவர் பங்கு கொண்டார். புரதத்தை அமிலமிட்டுக் கொதிக்க வைத்து ஆராய்வதே அக்கால வழக்கம். அவ்வாறு செய்தால் இவ்விரண்டும் அழிந்துபோகும். ஆதலின் இவை புரதத்தின் உறுப்புகளே என்பதற்கு நேர்ச்சான்று இல்லாதிருந்தது. வன்முறையான வழியை விட்டு, உயிர் தன் செரிமானத்தில் கையாளும் மென்மையான வழியைத் தாமோதரன் கைக்கொண்டமையால் அச்சான்று கிட்டியது. இன்று புரதங்களின் 20 அடிப்படை அமினோ அமிலங்களைப் பட்டியலிடும் மாணாக்கர், அவற்றுள் இரண்டன் வரலாற்றில் இப்பெயர் உண்டென்பதை அறிதல் வேண்டும்.

1936-ஆம் ஆண்டின் வினா

உயிர்ச்சத்து ‘சி’யின் வரலாறு கடலோடிகளின் ஈறுகளிலிருந்து தொடங்குகிறது. நெடும்பயணத்தில் பழமும் காய்கறியும் இன்றி வாழ்ந்தோர்க்கு ஈறு வீங்கிக் குருதி கசியும். பழைய புண்கள் மீண்டும் திறக்கும். இறுதியில் இறப்பு நேரும். ஸ்கர்வி என்னும் இந்நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாவதை 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் சோதித்துக் காட்டினார். அப்பழங்களில் உள்ள பொருள் யாதென அறிய ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1928-இல் அங்கேரி அறிஞர் செண்ட்-கியோர்கி ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1932-இல் அதுவே உயிர்ச்சத்து ‘சி’ என்பது தெளிவாயிற்று. அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயர் பெற்ற அப்பொருளை மறு ஆண்டே ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கினர். விலங்குகளிற் பெரும்பாலானவை இதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதன் அவ்வாற்றலை இழந்தவன். அதனை உணவிலிருந்தே பெறவேண்டியவன்.

செண்ட்-கியோர்கியின் கண்டுபிடிப்பு உறுதிப்பட்டு நான்கே ஆண்டுகளில், 1936-இல், தாமோதரனும் கே. ஆர். நாயரும் நெல்லிக்கனி குறித்த கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் எழுப்பிய வினா, நெல்லியில் உயிர்ச்சத்து உண்டா என்னும் அளவோடு நின்றதன்று. அஸ்கார்பிக் அமிலம் மிக எளிதில் அழியும் இயல்பினது. காற்றுப் பட்டாலும் வெப்பம் பட்டாலும் ஆக்சிசனேற்றம் அடைந்து பயனற்றுப் போவது. ஆயினும் நெல்லிக்காயை உலர்த்தி வற்றலாக்கிய பின்னும் அதன் ஆற்றல் பெருமளவு நிலைத்திருப்பது காணப்பட்டது. பிற கனிகளில் அழிவது நெல்லியில் ஏன் அழியவில்லை? இதுவே அவர்தம் வினா.

விடை, நெல்லியின் சுவையிலேயே இருந்தது. நெல்லியைக் கடித்தவுடன் நாவை இறுக்கும் துவர்ப்பு, டானின் என்னும் பொருளால் விளைவது. அக்கனியிலிருந்து ஒரு டானினைப் பிரித்தெடுத்து, அது அஸ்கார்பிக் அமிலத்தை ஆக்சிசனேற்றத்திலிருந்து காக்கிறது என்று அவ்விருவரும் காட்டினர். நாவுக்கு இடர் தரும் துவர்ப்பே உள்ளிருக்கும் பயனுக்குக் காவல். நெல்லி தின்று நீர் குடித்தால் இனிக்கும் என்பதைத் தமிழகத்துக் குழந்தைகள் யாவரும் அறிவர். அத்துவர்ப்புக்கு இப்படியொரு பணி உண்டென்பதைச் சேப்பாக்கம் ஆய்வகமே முதலில் எடுத்துரைத்தது.

இக்கண்டுபிடிப்பின் பயன் ஏட்டளவில் நிற்கவில்லை. 1939-40-இல் வட இந்தியாவின் ஹிசார்ப் பகுதியிற் பஞ்சம் வந்து ஸ்கர்வி பரவியபோது நெல்லி மருந்தாகப் பயன்பட்டது. புதுப்பழம் கிட்டாத இடத்தில், அழியாத உயிர்ச்சத்துடன் உலர்ந்த காயாகவே கொண்டுசெல்லத்தக்க நெல்லியின் அருமை அங்குப் புலனாயிற்று.

எண்கள் மாறிய கதை

நெல்லி ஆய்வு 1936-இல் முடிந்துவிடவில்லை. அதன் பின்வரலாறே அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பதைக் கற்பிக்க வல்லது. நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஊட்ட ஆய்வு, ஐக்ராய்டு என்பவரின் தலைமையில் இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையாக 1937-இல் வடிவம் பெற்றது. அந்நிறுவனம் 1958-இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அதன் 1971-ஆம் ஆண்டு அட்டவணை, 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் உயிர்ச்சத்து ‘சி’ உண்டெனக் குறித்தது. ஆரஞ்சுக்கு அதே அட்டவணை தந்த அளவு 30 மட்டுமே. மேடைகளிற் பல்லாண்டு முழங்கிய எண் இதுவே. அந்நிறுவனமே 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையிலோ நெல்லியின் அளவு 252 மில்லிகிராம்.

கனி குறைந்துவிட்டதா? இல்லை, அளக்கும் முறை மாறியது. முற்காலத்தில் நீலச் சாயம் ஒன்றைக் கொண்டு அளப்பர். கனிச்சாற்றில் அச்சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது உயிர்ச்சத்து அதன் நிறத்தைப் போக்கும். நிறம் போகாமல் இளஞ்சிவப்பாகத் தங்கும் கணத்தில் சொட்டுகளின் கணக்கைப் படிப்பர். எளிய முறை, இன்றும் கல்லூரி மாணாக்கர் முதலிற் கற்பது. ஆனால் சாயத்தின் நிறத்தை வேறு சில பொருள்களும் போக்க வல்லன. துவர்ப்புப் பொருள் நிறைந்த கனியில் இக்குழப்பம் எழ இடமுண்டு. கலவையின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் நிறச்சாரல் பிரிகை முறைகள் பிற்காலத்தில் வந்த பின்னரே நுட்பமான அளவு கைகூடியது.

1996-இல் கோசால் என்பவரும் உடனாய்வாளரும் நெல்லியின் ஆற்றலுக்குக் காரணம் எம்ப்ளிகானின் எனத் தாம் பெயரிட்ட இரு டானின்களே என்று எழுதினர். நெல்லியில் அஸ்கார்பிக் அமிலமே சொற்பம் என்னும் கட்சியும் எழுந்தது. 2006-இல் இத்தாலிய ஆய்வாளர் குழு ஒன்று மீண்டும் அளந்து, அஸ்கார்பிக் அமிலம் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு, கனியின் ஆக்சிசனேற்றத் தடுப்பாற்றலில் பெரும்பங்கும் அதனுடையதே என்றது. வாதம் முற்றும் ஓய்ந்ததெனச் சொல்லுதற்கில்லை. ஆனால் இரு கட்சியாரும் உயிர்ச்சத்தையும் துவர்ப்பையும் சேர்த்தே பேச வேண்டியவராயினர். அவ்விரண்டையும் முதன்முதல் இணைத்துக் கண்டது 1936-ஆம் ஆண்டுக் கட்டுரை என்பது மறக்கற்பாலதன்று.

துவர்ப்பிலிருந்து தோலுக்கு

டானின் என்னும் பொருள் தமிழ்நாட்டில் வேறொரு தொழிலுக்கும் உயிர்நாடி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுதல் இந்நாட்டின் பழந்தொழில். தோலில் உள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை டானின் இறுகப் பற்றிக்கொள்வதால் தோல் அழுகாமல் நிலைக்கிறது. அத்தொழிலின் பொருட்டே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது. தோலின் ஆய்வு கொலாஜனின் ஆய்வாகவும் ஆவது இயல்பு.

1952-இல் துணைவேந்தர் ஏ. இலக்குமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது 30 நிரம்பவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் அறியப்படவில்லை என்று அவரிடம் சுட்டினார். தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால் தசைநாணை ஊடுகதிர்ப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்தார் இராமச்சந்திரன். கொலாஜன் மூன்று இழைகளாலானது என்னும் கருத்தை 1954-இல் அவ்விருவரும் வெளியிட்டனர். மறு ஆண்டு அதனைத் திருத்தி, மூவிழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போல்வன என நிறுவினர்.

கிரிக், ரிச் என்னும் இரு பேரறிஞர் இதற்கு மறுப்புரைத்தனர். அணுக்கள் அவ்வளவு நெருங்கி அமைய இயலாது என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. இராமச்சந்திரன் அம்மறுப்பை விட்டுவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், புரத இழை எவ்வெக்கோணங்களில் திரும்பலாம் என்பதைச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் முறையாகக் கணித்தார். 1963-இல் வெளிவந்த அக்கணக்கீடே ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெற்றது. புதிய புரதம் ஒன்றின் கட்டமைப்பை அறிவிப்போர் இன்றும் இவ்வரைபடத்தைக் கொண்டே அதன் செம்மையைச் சோதிக்கின்றனர். ஒரு மறுப்பை மதித்ததன் விளைவு அது.

இனி, நெல்லியும் கொலாஜனும் சந்திக்கும் இடம். கொலாஜன் இழையில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் ஆக்சிசனும் ஐதரசனும் கூடிய ஒரு தொகுதி ஏற்றப்பட்டால்தான் முறுக்கு உறுதிப்படும். அதை ஏற்றும் நொதிக்கு அஸ்கார்பிக் அமிலம் துணை நிற்க வேண்டும். அத்துணை இல்லையேல் உருவாகும் முறுக்கு ஏறத்தாழ 24 பாகை செல்சியசு வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். மனித உடலின் வெப்பமோ 37 பாகை. ஈறு தளர்வதும் பழம்புண் திறப்பதும் இதனாலேயே. கடலோடிகளின் நோய், தகடூரின் கனி, சென்னையின் மூவிழைக் கயிறு ஆகிய மூன்றும் ஒரே விடையின் உறுப்புகள். சேப்பாக்கத்து நெல்லி ஆய்வும் இயற்பியல் துறையின் கொலாஜன் ஆய்வும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நடந்தவையல்ல. ஆயினும் ஒரே பல்கலைக்கழகத்தில், இரு தலைமுறையினர், ஒரே உண்மையின் இரு முனைகளைப் பற்றியிருந்தனர்.

புழுவும் பூஞ்சணமும் இலையும்

பெருங்கண்டுபிடிப்புகளைப் போலவே அன்றாடப் பயிற்சியும் ஒரு துறையின் வரலாறாகும். 1950-களில் பி. எஸ். சர்மாவின் வழிகாட்டலில் சேப்பாக்கத்து மாணாக்கர் அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களையும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சணத்தையும் வளர்த்து உயிர்ச்சத்துகளை ஆராய்ந்தனர். வீட்டு அரிசிப் பானையில் தோன்றி இல்லாளின் வெறுப்புக்கு ஆளாகும் புழு, விலைமிக்க ஆய்வு விலங்குகளுக்கு மாற்றாயிற்று. ஓர் உணவில் எது குறைந்தால் புழுவின் வளர்ச்சி எவ்வாறு குன்றுகிறது என எடையிட்டுக் குறிப்பது அம்மாணாக்கரின் பயிற்சி. இருப்பதைக் கொண்டு ஆராய்தல் என்னும் பண்பு இவ்வாறு அத்துறையில் வேரூன்றியது.

அம்மரபில் வந்த ஈ. ஆர். பி. சண்முகசுந்தரம் பின்னர்ச் சிறுகுறிஞ்சான் ஆய்வால் பெயர் பெற்றார். மென்றால் சர்க்கரையின் இனிப்பு நாவில் தோன்றாதபடி செய்யும் இவ்விலையைச் சர்க்கரைக்கொல்லி என்றும் மக்கள் அழைப்பர். உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887-இலேயே இதன் வேதிப்பொருளை ஆராய்ந்திருந்தார். தரமணியில் இயங்கிய அடிப்படை மருத்துவ அறிவியல் மேற்படிப்பு நிறுவனத்தின் உயிர்வேதியியல் துறையிலிருந்து 1990-இல் சண்முகசுந்தரமும் உடனாய்வாளரும் நீரிழிவு நோயாளரிடம் இவ்விலைச் சாற்றை ஆராய்ந்த கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 22 நோயாளரை 18 முதல் 20 திங்கள் வரை தொடர்ந்து கவனித்தது. குருதிச் சர்க்கரை குறைந்ததெனவும், ஐவர் வழக்கமான மருந்தை நிறுத்த முடிந்ததெனவும் தெரிவித்தது. ஊக்கம் தரும் செய்தி. எனினும் சிறு எண்ணிக்கை. நோயாளரை ஒப்பீட்டுக் குழுக்களாகக் குலுக்கிப் பிரித்துச் செய்யும் பேராய்வுகளால் நிறுவப்படாத ஒன்றை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. இலையை நம்பி மருந்தைக் கைவிடுவோர் உயிருக்கே ஊறு தேடுவர். நெல்லியின் எண்கள் கற்பித்த பாடத்தைச் சிறுகுறிஞ்சானும் கற்பிக்கிறது.

தகடூரின் நீர்

இவ்வரலாறு தொப்பூருக்கு மீளும்போது கனியைவிட நீரே முன்நிற்கிறது. 1937-இல் கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட் முதலியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஒரு நோயை விவரித்தனர். பற்கள் பழுப்பேறும்; முதுகெலும்பு விறைக்கும்; மூட்டுகள் மடங்கா. குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடே காரணம் எனக் கண்டனர். இந்திய மருத்துவ இலக்கியத்தில் இந்நோயின் முதல் விரிவான பதிவுகளுள் இது ஒன்று. அதே நோய்க்குத் தமிழ்நாட்டில் பெரிதும் ஆளான மாவட்டம் தருமபுரி. ஆழத்துக் கடும்பாறையின் கனிமங்களிலிருந்து கரையும் ஃப்ளோரைடு, ஆழ்துளைக் கிணறுகள் வழியே குடத்திற்கு வருகிறது.

எலும்பு என்பது கொலாஜன் கயிற்றின் மேல் கால்சியப் படிகம் படிந்த அமைப்பு. அப்படிகத்தின் ஒரு பகுதியை ஃப்ளோரைடு பெயர்த்துத் தான் அமர்கிறது. எலும்பின் இயல்பு கெடுகிறது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில் இந்நீரை அருந்திய குழந்தையின் பற்களில் கறை நிலையாகப் படிகிறது. துலக்கினாலும் போகாத அக்கறைக்குத் தூய்மையின்மையைக் காரணமாகக் கூறிப் பிள்ளைகளைக் கடிந்தோர் பலர். அக்கறை வெளியிலிருந்து ஒட்டியதன்று. பல் உருவாகும்போதே உள்ளிருந்து எழுதப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடையது என்றும், வேறு நீர் கிட்டாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்றும் இந்திய தர நிர்ணயம் வரையறுக்கிறது.

இதற்குத் தீர்வு மருந்தன்று, மாற்று நீரே. சப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில், தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அத்திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு நோய்த் தணிப்பும் இடம்பெற்றிருந்தது. குழாய் வந்த பின்னும் எந்த நீரைச் சமையலுக்கும் குடிக்கவும் கொள்வது, எதைத் துணி துவைக்கக் கொள்வது என்னும் தெளிவு இல்லங்களில் வேண்டும். அத்தெளிவை அளிப்பது சொல்லின் பணி. நெல்லி எத்துணை நல்லதாயினும் அது நல்ல நீருக்கு மாற்றாகாது.

மொழியின் பங்கு

தாமோதரன் முதல் இராமச்சந்திரன் வரை அனைவரும் ஆங்கிலத்திலேயே எழுதினர். உலக அறிஞர் அவையில் பேச அதுவே வழி. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும் நெல்லி ஆய்வின் செய்தி இலண்டனுக்குச் சென்ற விரைவில் தருமபுரிக்கு வரவில்லை. பெ. தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் அத்தொலைவைக் குறைக்க முயன்ற பெரும்பணிகள். உயிர்வேதியியல், நொதி, உயிர்ச்சத்து, புரதம் என்பன இன்று பள்ளிப் பிள்ளையும் எழுதும் சொற்களானமை அத்தகைய உழைப்பின் பயன். கணவாய்க்குத் தெற்கே, அதே பெருவழியின் மேல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகத்தில் இன்று உயிர்வேதியியல் துறை உண்டு. தொப்பூர்ப் பிள்ளைகள் இத்துறையைக் கற்கச் சேப்பாக்கம் வரை செல்லவேண்டிய நிலை நீங்கியது.

சங்கத் தமிழர் உயிர்ச்சத்து ‘சி’யை அறிந்திருந்தனரா என்னும் தொடக்க வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. அறிந்திருக்கவில்லை, அறிந்திருக்க வழியுமில்லை. நெல்லி நலம் தருவது என்னும் பட்டறிவு அவர்களுக்கு இருந்தது. பட்டறிவு வினாவாகி, வினா சோதனையாகி, சோதனை எண்ணாகி, எண்ணும் மறுசோதனைக்கு உட்பட்டதன் பின்னரே அது அறிவியலாயிற்று. இடைப்பட்ட இவ்வுழைப்பை மறைத்து முன்னோர்க்கு உரிமையாக்குவது முன்னோர்க்கும் சிறப்பன்று. சேப்பாக்கத்தில் சொட்டுச் சொட்டாய் எண்ணியவர்க்கும் நன்றியன்று. அஞ்சியின் பெருமை அக்கனியின் வேதிப்பொருளைப் பொறுத்ததன்று. 600 என்னும் எண் 252 ஆகும்போது அவன் கொடை குறைந்துவிடவில்லை. நெடுவாழ்வு தருவதெனத் தான் நம்பியதைப் பிறர்க்கு ஈந்தான். பாடலின் உண்மை அங்கு நிற்கிறது.

ஆனால் அக்கதையில் ஆய்வுத்துறைக்கும் கவிஞர்க்கும் பொதுவான ஒரு குறிப்பு உண்டு. அஞ்சி கனியின் பயனை உரையாது அடக்கினான் என்பர். உரைத்திருந்தால் ஔவை அதை ஏற்றிருக்கமாட்டார் என்பதே உரையாசிரியர் காட்டும் நயம். கொடையில் அழகாகும் அவ்வடக்கம் அறிவில் அழகாகாது. நீரின் தீங்கும் கனியின் பயனும் இலையின் எல்லையும் உரைக்கப்பட்டால்தான் அறிவு கொடையாகும். ஆய்வகங்கள் கண்டவற்றை மிகையின்றியும் குறையின்றியும் தெளிந்த தமிழிற் சொல்லுதல், பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டங்கள் அடுத்த பத்தாண்டுகளில் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் ஒன்று. பற்கறையைக் கண்டு பிள்ளையைக் கடியாமல் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுக்கும் தாய் ஒருத்தி தொப்பூர்ப் பக்கத்து ஊரொன்றில் உருவானால், அப்பணி நிறைவேறத் தொடங்கிற்று எனலாம்.